முதலுதவிப் பெட்டியில் கிடக்கும் முக்கோணத் துணி எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் ஏதாவது ஒரு முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தோட்ட ஆபீஸோ தமிழ்ப்பள்ளியோ, எங்கே பார்த்தாலும் பிளாஸ்திரி தீர்ந்துபோயிருக்கும். மஞ்சள் மருந்து பாட்டிலின் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும். மடித்து வைத்த வெள்ளை முக்கோணத் துணி மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியே உறை பிரிக்காமல் கிடக்கும்.

அது எதற்கு என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டலாம் என்பார் ஒருவர். காயத்தை மூடலாம் என்பார் இன்னொருவர். கை உடைந்தால் கழுத்தில் மாட்டிவிடலாம் என்பார் மூன்றாமவர். மூன்றாவதுதான் விஷயத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அதிலும் பலர் கட்டிவிடும் விதத்தில் துணி கையைத் தாங்குவதில்லை. கை துணியோடு சேர்ந்து தொங்குகிறது, அவ்வளவுதான்.

## கட்டுகிற துணி அல்ல, தாங்குகிற துணி

தூளியில் தூங்கும் பிள்ளையை எது பிடித்து வைத்திருக்கிறது? முடிச்சு மேலே விட்டத்தில் இருக்கிறது, பிள்ளையை அது தொடுவதே இல்லை. பிள்ளையின் எடை துணி முழுக்கப் பரவி, துணி வழியாக விட்டத்துக்கு ஏறிவிடுகிறது. உடம்பில் எந்த இடமும் இறுக்கப்படவில்லை; ஆனாலும் பிள்ளை விழுவதில்லை.

முக்கோணத் துணியின் முதன்மையான வேலை இதுதான். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை சுமார் 3 கிலோ இருக்கும். அந்த 3 கிலோவும் நாள் முழுக்கத் தோளிலிருந்து தொங்கிக்கொண்டே இருக்கிறது. கையையும் உடம்புக்கூட்டையும் எலும்பால் இணைப்பது காறை எலும்பு ஒன்றே. கழுத்துக்குக் கீழே இரு பக்கமும் தடவினால் தட்டுப்படுவது அது. மோட்டாரிலிருந்து விழுந்தவர்களுக்கும், செம்பனைக் குலை தோளில் விழுந்தவர்களுக்கும் இந்த எலும்பு அடிக்கடி முறிகிறது. முறிந்ததும் கையின் எடை வெளிப்பக்கத் துண்டைக் கீழே இழுக்கிறது. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் உயிர் போகிற வலி. அடிபட்டவர் தன்னையறியாமல் மறு கையால் முழங்கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். துணி செய்யப்போவதும் அந்த மறு கையின் வேலையைத்தான்: முழங்கையையும் முன்கையையும் ஏந்தி, எடையை மறுபக்கத் தோளுக்கும் கழுத்துக்கும் அனுப்பிவிடுவது.

எடையைத் தாங்குவது ஒன்று என்றால், அசையாமல் வைப்பது இன்னொன்று. முறிந்த எலும்பின் முனை கூர்மையாக இருக்கும். அசைய அசையப் பக்கத்துத் தசையையும் நரம்பையும் ரத்தக்குழாயையும் அது கிழிக்கும். அசைவு நின்றால் வலி குறையும், உள்ளே ரத்தம் கசிவதும் குறையும். எலும்பைப் பொருத்துவது மருத்துவமனையின் வேலை. அதுவரை சேதம் கூடாமல் பார்ப்பதுதான் முதலுதவி.

சுருக்கமாக: இந்தத் துணி எடையைத் தாங்கும், அசைவைக் குறைக்கும். இறுக்குவது அதன் வேலை அல்ல. மீதியெல்லாம் இந்த இரண்டிலிருந்து வருபவை.

## ஏன் முக்கோணம்?

ஒரு சதுரத் துணியை மூலைக்கு மூலை குறுக்காக வெட்டினால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். கடையில் விற்பவை பெரும்பாலும் இரு பக்கமும் 96 செ.மீ., நீளப் பக்கம் 136 செ.மீ. என்ற அளவை ஒட்டியிருக்கும். நீளப் பக்கத்தை அடி என்போம். அதற்கு எதிரே இருக்கும் மூலை உச்சி. அடியின் இரு கோடிகளும் முனைகள். கீழே வரும் எல்லாக் கட்டுகளுக்கும் இந்த மூன்று சொற்கள் போதும்.

துணியில் பாவும் ஊடையும், அதாவது நீளவாக்கு நூலும் அகலவாக்கு நூலும், நேர்க்கோட்டில் ஓடுகின்றன. அந்தத் திசையில் இழுத்தால் துணி நீளாது. மூலைக்கு மூலை குறுக்காக இழுத்தால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். முக்கோணத்தின் இரண்டு குட்டைப் பக்கங்களும் நூல் திசையிலும், அடி குறுக்குத் திசையிலும் அமைகின்றன. அதனால்தான் ஒரே துணி முழங்கை, தலை, முட்டி என்று வளைந்த இடங்களில் சுருக்கம் விழாமல் படிகிறது, எடையையும் தாங்குகிறது. சுருள் கட்டுத்துணியில் இந்த அனுகூலம் குறைவு. அதை ஒழுங்காகச் சுற்றக் கைப்பழக்கம் வேண்டும். முக்கோணத்துக்கு மடிக்கவும் முடிச்சுப் போடவும் தெரிந்தால் போதும்.

## போர்க்களத்திலிருந்து பள்ளி வரை

இந்த எளிமைதான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர அறுவை மருத்துவர் மத்தியாஸ் மேயோர், சிக்கலான சுருள் கட்டுகளுக்குப் பதில் கைக்குட்டை மாதிரி மடித்த துணியே போதும் என்று 1830களில் வாதாடினார். அதைப் படைகளுக்குள் பரப்பியவர் ஜெர்மானிய ராணுவ அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிக் ஃபான் எஸ்மார்க் (1823–1908). அவர் செய்த தந்திரம், எப்படிக் கட்டுவது என்று காட்டும் படங்களைத் துணியிலேயே அச்சிட்டதுதான். படிக்கத் தெரியாத சிப்பாயும் துணியை விரித்துப் பார்த்து, பக்கத்தில் விழுந்து கிடப்பவனுக்குக் கட்டலாம். ஒரு மருத்துவ உபகரணம் தன் பாடப்புத்தகத்தையும் தானே சுமந்து வருவது நல்ல யோசனை. இன்றும் சில பெட்டிகளில் படம் அச்சிட்ட துணி கிடைக்கிறது.

இங்கிலாந்தில் 1877இல் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கியது. மறு ஆண்டே ராணுவ மருத்துவர் பீட்டர் ஷெப்பர்ட் சாதாரண மக்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார். 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த இசண்டில்வானா போரில் அவர் இறந்துபோனார். லண்டனில் அந்த வகுப்புகளைப் பார்த்த எஸ்மார்க் ஊர் திரும்பி, 1882இல் கீல் நகரில் அதே மாதிரி பொதுமக்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். அவருடைய சொற்பொழிவுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் விக்டோரியா மகாராணியின் மகள் ஹெலினா.

பிரிட்டிஷ் ஆட்சியோடு செயிண்ட் ஜான், செஞ்சிலுவை இயக்கங்கள் மலாயாவுக்கும் வந்தன. செஞ்சிலுவைச் சங்கம் இங்கே செம்பிறைச் சங்கம் என்று பெயர் மாறியது 1975இல். இன்று நம் பிள்ளைகள் இந்தத் துணியை முதன்முதலில் தொடுவது பெரும்பாலும் பள்ளிச் சீருடை இயக்கத்தில்தான். அங்கே நேரம் பார்த்துக் கட்டும் பயிற்சியில் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. கட்டு எவ்வளவு வேகம், எவ்வளவு அழகு என்று பார்க்கிறார்களே தவிர, கட்டிய பிறகு விரலைத் தொட்டுப் பார்த்தாயா என்று கேட்பவர் குறைவு.

## கையைத் தாங்கும் ஸ்லிங்

கையை ஏந்தி நிறுத்தும் கட்டுக்கு ஸ்லிங் என்று பெயர். மணிக்கட்டு, முன்கை, மேல்கை அடிகளுக்கு இதுதான் முதல் தேர்வு. ஒரு நிபந்தனை: முழங்கை மடங்க வேண்டும். மடக்க முடியவில்லை என்றால் வலுக்கட்டாயமாக மடக்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே தலையணை வைத்துத் தாங்குங்கள். தோள்மூட்டு நழுவியிருந்தால் இழுத்து உள்ளே தள்ளும் வேலையும் வேண்டாம்.

கட்டுவதற்கு முன் மோதிரம், வளையல், காப்பு, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரத்தில் கை வீங்கலாம். அப்புறம் கழற்ற வெட்டுக் கருவிதான் தேவைப்படும்.

அடிபட்டவரை உட்கார வையுங்கள். நின்றபடி கட்டினால் மயங்கி விழ வாய்ப்புண்டு. முன்கை மார்புக்குக் குறுக்கே, பெருவிரல் மேல்நோக்கி இருக்கட்டும். அவரே மறு கையால் பிடித்துக்கொள்ளட்டும். முழங்கைக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத் துணியை மெதுவாக நுழையுங்கள். உச்சி அடிபட்ட பக்க முழங்கையைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். அடி, நல்ல கைப் பக்கம் மேலிருந்து கீழாகத் தொங்க வேண்டும். மேல் முனை நல்ல தோளின் மேல் ஏறி, கழுத்தின் பின்னால் சுற்றி, அடிபட்ட தோளின் முன்பக்கம் வரட்டும். இப்போது கீழ் முனையைத் தூக்கி, முன்கையை மூடியபடி மேலே கொண்டுபோய், அந்த முனையோடு சேர்த்து முடிச்சுப் போடுங்கள். முடிச்சு காறை எலும்புக்கு மேலுள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். பிடரி எலும்பின் மேல் வந்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலி எடுக்கும். முடிச்சுக்கு அடியில் கொஞ்சம் பஞ்சோ மடித்த கைக்குட்டையோ வையுங்கள்.

பலர் விட்டுவிடுவது கடைசிப் படியைத்தான். முழங்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் உச்சியை முன்னால் மடித்து ஊசி குத்த வேண்டும். ஊசி இல்லையென்றால் துணி முழங்கையைக் கவ்வும்வரை உச்சியை முறுக்கி உள்ளே செருகுங்கள். இதைச் செய்யாவிட்டால் வண்டி குலுங்கும்போது முழங்கை பின்பக்கமாக நழுவி வெளியே வந்துவிடும்.

சரியாகக் கட்டியிருந்தால் கை முழங்கையைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும், துணி சுண்டுவிரலின் அடிவரை தாங்கும், விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரியும். அடிக்கடி பார்க்கிற பிழை இதற்கு நேர்மாறு. துணி மணிக்கட்டோடு நின்றுவிடும், கை விளிம்புக்கு மேல் தொங்கும். அப்போது துணியின் விளிம்பு மணிக்கட்டை அழுத்தும், தொங்கும் கையில் ரத்தம் தேங்கும், வீக்கம் கூடும். துணியை அவிழ்த்துக் கொஞ்சம் நகர்த்தினாலே சரியாகிவிடுகிற விஷயம்.

## முடிச்சும் விரல் நகமும்

தட்டையாகக் கிடக்கும், நழுவாது, அவிழ்ப்பதும் சுலபம்: இந்த மூன்றும் சேர்ந்தது ரீஃப் முடிச்சு. வலது முனையை இடது முனையின் மேல் போட்டு அடியில் நுழைத்து இழுங்கள். முதலில் மேலே போன முனை எதுவோ, இரண்டாம் முறையும் அதுவே மேலே போக வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். சரியாக விழுந்தால் தொங்கும் நுனிகள் துணியோடு ஒட்டிப் படுத்திருக்கும். தவறினால் குறுக்காக விறைத்து நிற்கும். அந்த முடிச்சு நழுவும், அல்லது இறுகி நகத்தால்கூடப் பிரிக்க முடியாமல் போகும். கிளினிக்கில் கையை அசைக்காமல் கட்டை அவிழ்க்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்தால் இந்தச் சின்னப் பயிற்சியின் அருமை புரியும்.

கட்டியானதும் விரலுக்குப் போங்கள். நகத்தை 5 விநாடி அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். தாமதமானால், விரல் சில்லிட்டால், மரத்துப்போனதாகச் சொன்னால், கட்டைத் தளர்த்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைப் பாருங்கள். முதலில் சரியாக இருந்த கட்டு, உள்ளே வீக்கம் ஏற ஏறத் தானாகவே இறுகும். யாரும் தவறு செய்யவில்லை, ஆனாலும் விரலுக்கு ரத்தம் போகாது.

## உயர்த்திப் பிடிக்கும் ஸ்லிங்

ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது உளி உள்ளங்கையில் ஏறிவிட்டது என்று வையுங்கள். இங்கே எடையைத் தாங்குவதைவிடக் கையை இதயத்துக்கு மேல் வைத்திருப்பது முக்கியம். முதலில் டிரெஸ்ஸிங், அதாவது காயத்தின் மேல் நேராகப் படும் சுத்தமான மெத்தைத் துணி. அதை வைத்து அழுத்தி, சுருள் துணியால் கட்டியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்லிங்.

முன்கையை மார்புக்குக் குறுக்கே உயர்த்தி, விரல் நுனிகள் எதிர்த் தோளைத் தொடும்படி வையுங்கள். துணியைக் கையின் மேல் விரியுங்கள்: ஒரு முனை நல்ல தோளில், உச்சி முழங்கையைத் தாண்டி. அடியை முன்கைக்குக் கீழேயும் முழங்கைக்குப் பின்னாலும் சுருட்டிச் செருகுங்கள். கீழ் முனையை முதுகின் குறுக்கே மேலே கொண்டுவந்து, நல்ல தோள் பக்கக் காறை எலும்புப் பள்ளத்தில் முடிச்சிடுங்கள். உச்சியை முறுக்கிச் செருகுங்கள். காறை எலும்பு, விலா எலும்பு அடிகளுக்கும் இந்த நிலை ஒத்துவரும்.

இரண்டு ஸ்லிங்கையும் பிரித்து நினைவில் வைக்க: கை கிடையாக இருந்தால் தாங்குவதற்கு, கை மேல்நோக்கி இருந்தால் ரத்தத்தையும் வீக்கத்தையும் குறைப்பதற்கு. முதலாவதில் முடிச்சு அடிபட்ட பக்கம். இரண்டாவதில் நல்ல பக்கம்.

## மடித்தால் பட்டை

உச்சியை அடியின் நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி பாதியாக மடித்தால் அகல மடிப்பு. இன்னொரு முறை மடித்தால் ஒடுங்கிய மடிப்பு. கால் முறிவுக்கு இவைதான் உதவும். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிடும் என்றால் கட்டவே வேண்டாம். இரு கைகளாலும் காலைப் பிடித்து அசையாமல் வைத்தாலே போதும். ஆனால் செம்மண் பாதையில் வெளிக்காட்டிலிருந்து லோரி வரை தூக்கிப்போக வேண்டியிருந்தால், நல்ல காலையே சிம்பாக்கிக்கொள்ளலாம். சிம்பு என்பது அசையாமலிருக்க வைத்துக் கட்டும் கட்டை.

இதற்குக் குறைந்தது நான்கு துணிகள் தேவை. பெட்டியில் ஒன்றே ஒன்று இருப்பது இந்த இடத்தில்தான் உறைக்கும். கால்களுக்கு நடுவே மடித்த கைலி அல்லது துண்டு வையுங்கள். முட்டியும் கணுக்காலும் உரசும் இடத்தில் அது கட்டாயம். துணிகளை முட்டிக்கும் கணுக்காலுக்கும் கீழே இயல்பாக இருக்கும் சந்து வழியாக நுழைத்தால் காலைத் தூக்க வேண்டியிருக்காது. ஒடுங்கிய மடிப்பால் பாதங்களை எட்டு வடிவத்தில் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு அகல மடிப்புகள்: முட்டியில் ஒன்று, முறிவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. முறிவின் மேலேயே கட்டாதீர்கள். முடிச்சு எல்லாம் நல்ல கால் பக்கம்.

## இந்தத் துணி செய்யக்கூடாதவை

ரத்தத்தை நிறுத்தக் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவது பழைய பழக்கம். ரத்தம் கைக்குப் போகும் தமனிகள் ஆழத்தில், அதிக அழுத்தத்தோடு ஓடுகின்றன. திரும்பும் சிரைகள் மேலாக, குறைந்த அழுத்தத்தோடு ஓடுகின்றன. வெறும் கையால் இறுக்கிய துணி சிரையை மட்டும் அடைக்கும். உள்ளே போகும் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்ப வழியில்லாமல் காயம் வழியாகவே வெளியேறும். கட்டியதும் ரத்தம் கூடியதே என்று சிலர் திகைப்பது இதனால்தான். காயத்தின் மேல் நேராக, பலமாக, விடாமல் அழுத்துவதுதான் முதல் வேலை. உயிர்போகும் ரத்தப்போக்குக்கென்று செய்யப்பட்ட இறுக்குப் பட்டைகள் உண்டு. அவை பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டியவை.

பாம்புக் கடிக்கும் இதே பதில். கடிவாய்க்கு மேலே துணியை முறுக்கிக் கட்டுவது தோட்டங்களில் இன்னும் நிற்கவில்லை. விரியன் வகைகளும் நாகமும் கடித்த இடத்துத் தசையை அழிக்கக்கூடியவை. இறுகிய கட்டுக்குக் கீழே ரத்த ஓட்டமும் நின்றால் கை கால் போகிற அபாயம் கூடும். அடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கையைத் தளர்வான ஸ்லிங்கில் அசையாமல் வைத்து, மோதிரம் கழற்றி, 999க்கு அழைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

எலும்பு முறிந்தவருக்கு ஆறுதலாக மைலோ கலக்கிக் கொடுப்பதும் கூடாது. மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிற்றில் இருப்பது சிக்கலாகும். ஸ்லிங் கட்டியவரை மோட்டாரின் பின்னால் ஏற்றுவதும் கூடாது, அவரால் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. கார் என்றால் அடிபட்ட கை கதவுப் பக்கம் வராதபடி உட்கார வையுங்கள்.

## நீங்களே தைக்கலாம்

மலிவான பெட்டிகளில் வருவது பெரும்பாலும் நெய்யாத, காகிதம் மாதிரியான துணி. முடிச்சுப் போடும் இடத்தில் அது கிழியும். துணிக்கடையில் பெலாச்சு என்று கேட்டால் வெளுக்காத பருத்தித் துணி கிடைக்கும். 45 அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். முதலில் வெந்நீரில் துவைத்துக் காயப்போடுங்கள், கஞ்சி போகும், சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். பிறகு 100 செ.மீ. சதுரம் வெட்டிக் குறுக்கே பிரித்தால் 141 செ.மீ. அடியுள்ள இரண்டு துணிகள். 36 அங்குலத் துணியில் அடி 130 செ.மீ.க்குள் நின்றுவிடும்; உடம்பு பெருத்தவருக்கு முடிச்சுக்கு நீளம் போதாது. வெட்டிய விளிம்பில் நூல் பிரியும், அடி குறுக்கு வெட்டு என்பதால் இழுபட்டு நீளும்; மூன்று பக்கமும் மடித்துத் தையல் போடுங்கள்.

இஸ்திரி போட்டு ஒடுங்கிய மடிப்பாக மடித்து, ஜிப் பையில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் மூடாத துணி பூசணம் பிடிக்கும். பயிற்சிக்கு ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் பட்டதைத் துவைத்துத் திரும்பப் பெட்டியில் வைக்க வேண்டாம், பையில் கட்டி எறிந்துவிட்டுப் புதிது தைத்து வையுங்கள்.